நான்கு விரலில் ஒரு நாடு

ஒரு சின்னக் கேள்வி கேட்டால் ஒரு நாட்டையே தூக்கி உங்கள் தலையில் வைக்கிற மனிதர் ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். எங்கள் மொரோகோரோவில் அந்த இனத்துக்குத் 'தூரத்துக்காரர்' என்று பெயர். எந்தப் பேச்சையும் தூரத்திலிருந்து ஆரம்பிப்பதால் தூரத்துக்காரர். கண்டவர்கள் தூர விலகி ஓடுவதால் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அடையாளம் கண்டுகொள்வது ஒன்றும் கஷ்டமில்லை. "ஐயா, டொடோமா பஸ் போயிடுச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். உலகத்தில் மற்ற எல்லாரிடமும் இதற்கு இரண்டே பதில்கள்தான் உண்டு. தூரத்துக்காரர் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தால் தீர்ந்தது கதை. "கொஞ்சம் தூரத்திலிருந்தே ஆரம்பிப்போமே. ஜெர்மன்காரன் தண்டவாளம் போடறதுக்கு முன்னால..." என்று தொடங்கி, தண்டவாளம் போட்டு, ஜெர்மன்காரனைப் போரில் தோற்கடித்து, அந்த நாற்காலியில் இங்கிலீஷ்காரனை உட்கார வைத்து, அவனையும் கிளப்பிக் கப்பலேற்றி, விடுதலைக் கொடி ஏற்றி, சான்சிபார் தீவைக் கைபிடித்துக் கூட்டி வந்து இணைத்து, தலைநகரைக் கடலோரத்திலிருந்து பெயர்த்து டொடோமாவில் இறக்கி வைக்கும்போது, உங்கள் பஸ்ஸும் டொடோமாவுக்குப் போய் ஆளை இறக்கிவிட்டிருக்கும். ஆனால் ஒன்று, கேள்விக்குப் பதில் வந்துவிட்டதல்லவா? போயிடுச்சு.

எங்கள் பேட்டையின் தூரத்துக்காரர் எவரிஸ்ட் ஐயா. கூட்டுறவுச் சங்கத்தில் பருத்தி எடை போட்டு ஓய்வு பெற்றவர். எதைப் பற்றிப் பேசினாலும் நான்கு விரல் நீட்டுவார். சுட்டுவிரல் வரலாறு. நடுவிரல் அரசாங்கம். மோதிரவிரல் பொருளாதாரம். சுண்டுவிரல் மக்கள். மக்கள் எப்போதும் சுண்டுவிரல்தான். அந்த விரல் வரைக்கும் அவர் வந்து சேர்ந்ததை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

காப்பிக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் கூட்டம் கலைகிற அழகைப் பார்க்க வேண்டும். ஒருவருக்குத் திடீரென்று செல்போன் வரும், மணியே அடிக்காமல். ஒருவருக்கு ஆடு காணாமல் போகும், ஆடு வளர்க்காமலே. வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? "கரி வாங்கியாந்தீங்களா?" என்று அவர் மனைவி கேட்பாள். அவர் கண்ணாடியைத் துடைத்து, காட்டு இலாகா எப்படி உண்டானது என்று ஆரம்பிப்பார். "எனக்குக் கரியைப் பத்தி வேண்டாம், கரி வேணும்" என்று அவள் அடுப்பைக் காட்டுவாள்.

அவருக்கு வாய்த்த ஒரே நிஜமான ரசிகர் தையற்காரர் மிஹாயோ. மேற்கே தபோராவிலிருந்து வந்து எங்கள் ஊரில் தையல் இயந்திரத்தைப் போட்டு உட்கார்ந்தவர், நியாம்வேசி இனத்தார். கால் மிதித்துக்கொண்டே இருக்கும், கை துணியைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வாய் மட்டும் "ம்" என்னும். எவரிஸ்ட் ஐயா மூன்றாவது விரலுக்கு வரும்போது மிஹாயோ இரண்டு பள்ளிச் சீருடை முடித்திருப்பார். இப்படியொரு சிநேகிதம் எங்கேயாவது உண்டா? ஒருவர் நாட்டைக் கட்டினார், மற்றவர் காஜா கட்டினார்.

அந்த மிஹாயோதான் போன மழைக்கு முன்னால் மூன்று நாள் காய்ச்சலில் செத்துப்போனார்.

அவர் மனைவி கலுண்டே அழுதாள், அழ வேண்டிய அளவு அழுதாள். ஆனால் அழுகைக்கு நடுவிலும் அவள் மனதில் ஒரு முள் கிடந்து உறுத்தியது. சில வருஷங்களுக்கு முன் தபோராவில் மிஹாயோவின் தாய் இறந்தபோது இவர் போகவில்லை. பெற்ற தாய்க்கு மண் போடாத மகன்! அவன் ஏன் வரவில்லை? அவள் விடவில்லை. வேறென்ன காரணம் இருக்க முடியும்? ஊரில் எவன் எதைச் செய்யாவிட்டாலும் அவன் பெண்டாட்டிதான் காரணம் என்பது தபோராவிலும் தெரிந்த நியாயம்தானே. மிஹாயோவின் தங்கை நியாமீசி அன்றைக்கு அண்ணி என்று கூப்பிடுவதை நிறுத்தியவள்தான். இப்போது அண்ணன் சாவுக்கு ஒரு கூட்டத்தோடு வந்து, கலுண்டே உட்கார்ந்திருந்த பாய்க்கு எதிர்ப்பாயில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் அவர்கள் ரயிலேறிவிடுவார்கள். போனால் போனதுதான், அப்புறம் எந்தக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கலுண்டேக்குச் சொல்லி அனுப்ப மாட்டார்கள். பிள்ளையில்லாத அவளுக்கு அந்தக் கூட்டத்தை விட்டால் வேறு சொந்தமும் இல்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. எங்கள் பக்கத்துச் சாவில் பெட்டியைத் தூக்குவதற்கு முன் செத்தவருடைய வாழ்க்கையை ஒருவர் எழுந்து சபையில் சொல்வார். அங்கே சொன்னது சொன்னதுதான், இரண்டு பக்கத்துச் சனமும் கேட்டு ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. விதவை வாய் திறக்கக் கூடாது. வேறு யாராவது சொல்ல வேண்டும். மிஹாயோவுக்கு நெருங்கிய சிநேகிதர் யார்? ஐயோ பாவம், அவரேதான்.

"ஐயா, அவரைப் பத்தி நீங்கதான் சொல்லணும்" என்றாள் கலுண்டே.

"சொல்லாம? என்னை விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா?"

"நிறைய வேண்டாம் ஐயா. ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். அவங்க அம்மா செத்தப்போ நான் அவரைத் தடுக்கல. நான்தான் மூட்டை கட்டிக் குடுத்தேன். அவரு லாரி நிக்கிற இடத்துக்குப் போனாரு, லாரி போயிடுச்சு. இவ்வளவுதான். எல்லார் முன்னாலயும் சொல்லிடுங்க."

"லாரியா!" எவரிஸ்ட் ஐயாவின் முகம் மலர்ந்தது. "சாலைப் போக்குவரத்து! நல்லவேளை ஞாபகப்படுத்தினே தாயி, அதை அப்படியே விட்டிருப்பேன்."

அடக்கம் பத்து மணிக்கு என்று உபதேசியார் அறிவித்திருந்தார். வெயில் சாய்கிற பத்து மணி. நாங்கள் பொழுது விடிந்தபிறகுதான் மணி எண்ணத் தொடங்குகிறோம். விடிந்து ஒரு மணி நேரமானால் மணி ஒன்று, இரண்டு மணி நேரமானால் இரண்டு. வேறெப்படி எண்ணுவார்கள்? ஆனால் எவரிஸ்ட் ஐயா வேறெப்படியோதான் எண்ணுவார். ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்கு டார் எஸ் சலாம் போய்வந்ததிலிருந்து அவருக்கு வெள்ளைக்காரன் கணக்குப் பைத்தியம். எங்களுக்குப் பத்து என்றால் அவருக்கு நாலு. "உலகம் நாலுங்குது, நீங்க மட்டும் பத்துன்னு சொன்னா எப்படி முன்னேறுவீங்க?" என்று கேட்பார். நாங்கள் முன்னேறவில்லை. ஆனால் எங்கும் தாமதமாகவும் போகவில்லை.

பத்து மணிக்குத் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே ஊர் கூடியது. ஆண்கள் பெஞ்சில், பெண்கள் பாயில், நடுவில் பெட்டி. பின்கட்டில் பெரிய பானையில் சோளக்களி கிளறுகிற சத்தம். உலுகுரு மலை உச்சியில் கருமேகம் திரண்டுகொண்டிருந்தது. எவரிஸ்ட் ஐயா எழுந்தார். கலுண்டே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

துடைத்தார்.

"துக்கத்துக்கு வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! மிஹாயோ யார்? இதைப் புரிஞ்சுக்கணும்னா கொஞ்சம் தூரத்திலிருந்தே ஆரம்பிக்கணும்."

பெஞ்சில் ஒரு பெருமூச்சு ஓடியது. சுட்டுவிரல் எழுந்தது. அரபு வியாபாரிகள் கடலோரத்தில் இறங்கினார்கள், தந்தமும் அடிமைகளும் ஏறினார்கள். ஜெர்மன்காரன் வந்தான், தெற்கே சனங்கள் எழும்பினார்கள், போர் மூண்டது, போர் முடிந்தது, விடுதலை வந்தது. நடுவிரல் எழுந்தது. ஒரு குடியரசு, அதற்குள் தீவுக்குத் தனியாக ஒரு சபை, அது ஏன் அப்படி, அதை இரண்டு என்று சொல்லலாமா, ஒன்று என்று சொல்லலாமா, முதலில் ஒரே கட்சி, பிறகு பல கட்சி. பெட்டிக்குள் கிடந்த மனிதர் எந்தக் கட்சியிலும் இல்லை.

"செத்தவன் எந்த விரல்ல வர்றான்?" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவர் காதைக் கடித்தார்.

"சுண்டுவிரல்ல."

"அப்போ நாளைக்குத்தான்."

மோதிரவிரல் எழுந்தது. கற்றாழை நார், காப்பி, பருத்தி, முந்திரி, தீவின் கிராம்பு, ஏரிக்கரைத் தங்கம். "இதையெல்லாம் எதுல ஏத்திக்கிட்டுப் போறது? சாலை! லாரி!" என்றார் எவரிஸ்ட் ஐயா. கலுண்டே நிமிர்ந்து உட்கார்ந்தாள். லாரி வந்துவிட்டது! இதோ சொல்லிவிடுவார், இதோ. ஆனால் அவர் லாரியில் ஏறி, தாரின் விலைக்குப் போய், பாலம் கட்டுகிற முறைக்குப் போய், அங்கிருந்து துறைமுக வரிக்குப் போய்விட்டார். லாரி அவளைத் தாண்டிப் போயே போய்விட்டது. மேகம் மலையை விட்டு இறங்கத் தொடங்கியது. உபதேசியார் இருமிப் பார்த்தார். எவரிஸ்ட் ஐயா இருமலுக்கெல்லாம் அசைகிறவரா?

அப்போதுதான் தாபு எழுந்தாள். அவள் பெயருக்கு எங்கள் மொழியில் 'தொல்லை' என்று பொருள். பெற்றவர்கள் ஏதோ தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். இரண்டு பயணி வேன்களுக்குச் சொந்தக்காரி, ஆள் ஒரு வேன் அகலம். உலுகுரு மலையின் லுகுரு இனத்துக்காரி. லுகுருக்களுக்கும் நியாம்வேசிகளுக்கும் பரம்பரையாகக் கேலிமுறை உண்டு. மாமன் மச்சானுக்குள் என்ன பேசினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாதல்லவா, அதுபோல இரண்டு இனத்துக்குமே. அந்த முறைக்காரர் சாவு வீட்டிலும் கேலி பேசலாம், பெட்டியை மறிக்கலாம், செத்தவரையே திட்டலாம். திட்டாவிட்டால்தான் மரியாதைக் குறைவு. தாபு தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து பெட்டிக்கு முன்னால் விரித்து, அதன்மேல் நீட்டிப் படுத்தாள்.

"பெட்டி இந்த வழியாப் போகாது!"

எவரிஸ்ட் ஐயா பேச்சை நிறுத்தினார். பேட்டையின் வரலாற்றில் அது முதல் தடவை.

"அடே நியாம்வேசிக் கூட்டமே! உங்க பாட்டன் பூட்டன் ஏரிக்கரையிலேர்ந்து கடல் வரைக்கும் ஆனைத் தந்தம் சுமந்தானுங்களாம், பெருமை பீத்திக்கிறீங்க. இன்னிக்கு ஒரே ஒரு தையற்காரனைத் தூக்க இவ்வளவு நேரமா? தோளு தேஞ்சு போச்சா?"

பந்தல் சிரித்தது. தபோராக் கூட்டமும் சிரித்தது, அழுத கண்ணோடு.

"இவனெல்லாம் ஒரு தையற்காரனா? எனக்கு ஒரு கவுன் தைச்சான் பாரு, ஒரு கை வடக்கே போகுது, ஒரு கை தெற்கே போகுது. இவனெல்லாம் ஒரு பிள்ளையா? பெத்த ஆத்தா செத்துக் கிடக்கா, இவன் பொண்டாட்டி துணி நுனியைப் பிடிச்சுக்கிட்டுக் கட்டிலுக்கடியில ஒளிஞ்சுக்கிட்டான். கேட்டா லாரி போயிடுச்சாம்! எந்த லாரி? லாரி நிக்கிற இடம் எந்தத் திசைன்னாவது இவனுக்குத் தெரியுமா?"

இப்போது பந்தலில் பாதிப்பேர்தான் சிரித்தார்கள். நியாமீசி சிரிக்கவில்லை. தலையை மெல்ல மேலும் கீழும் ஆட்டினாள். கலுண்டே எதைத் துடைக்க ஆசைப்பட்டாளோ, அதையே சபை நடுவில் அள்ளிப் பூசிவிட்டாளே இந்தத் தொல்லை! கேலிமுறைப் பேச்சுக்கு மறுப்புச் சொல்லவும் வழக்கமில்லை. அவள் துணியை வாயில் திணித்துக்கொண்டு குனிந்தாள்.

"தவறு!"

எல்லாரும் திரும்பினார்கள். எவரிஸ்ட் ஐயாவின் மூன்று விரலும் விறைத்து நின்றன. மழை வந்தால் பொறுப்பார், பசி வந்தால் பொறுப்பார், தப்பான தகவல் வந்தால் அவருக்குப் பொறுக்காது.

"முழுத் தவறு! ஆதாரம் இல்லாத பேச்சு. மிஹாயோ லாரி நிக்கிற இடத்துக்கு வந்தான். மூட்டையோட வந்தான். நான் என் கண்ணால பார்த்தேன்."

"நீ எங்கே பார்த்தே பெரியவரே? உனக்குத்தான் ஜெர்மன்காரனைத் தவிர வேற யாரும் கண்ணுக்குத் தெரியாதே!" என்றாள் தாபு, படுத்தபடியே.

"பார்த்தேனாவது! நேரம் சொன்னதே நான்தான். வெள்ளத்துல தண்டவாளம் அடிச்சுக்கிட்டுப் போன வாரம் அது. பஸ் எதுவும் ஓடல. மேற்கே போனது ஒரே ஒரு உப்பு லாரி. அந்த டிரைவர் எங்கிட்டத்தான் சொன்னான், 'நாளைக்கு ரெண்டு மணிக்குக் கிளம்பறேன், தையற்காரரை வரச் சொல்லுங்க'ன்னு. நான் உடனே போய் மிஹாயோவுக்கு விளக்கமாச் சொன்னேன். 'ரெண்டுன்னா காலையிலன்னு நினைச்சுக்காதே. எல்லை தாண்டி ஓடற வண்டி, கையில கடிகாரம் கட்டின டிரைவர். உலகக் கணக்குல ரெண்டுன்னா மதியம் சாப்பிட்ட பிறகு. நிதானமா வா'ன்னேன். சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்து நின்னான், அதுல ஒரு குறை சொல்ல முடியாது."

"லாரி?" என்றாள் தாபு.

"லாரி காலையிலயே போயிடுச்சு. படிக்காத டிரைவர், பழைய கணக்குலயே எடுத்துட்டுப் போயிட்டான். நம்ம பொருளாதாரத்தோட அடிப்படைப் பிரச்சினையே இதுதான். இதைத்தான் நான் மோதிரவிரல்ல..."

களி கிளறுகிற துடுப்புகூட நின்றுவிட்டது. எல்லாருக்கும் புரிந்துவிட்டது, ஒருவரைத் தவிர.

கலுண்டேக்கு அந்த நாள் கண்முன் வந்தது. விடிந்ததும் அவள் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டாள். "நேரமிருக்கு" என்று அவர் உட்கார்ந்து யாருக்கோ பை தைத்துக்கொண்டிருந்தார், தாயை நினைத்து அழுதுகொண்டே. வெயில் உச்சியைத் தாண்டியபிறகு கிளம்பினார். சாயங்காலம் மூட்டையோடு திரும்பி வந்து, "போயிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்தார். யார் நேரம் சொன்னது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாள் எவரிஸ்ட் ஐயா கடைக்கு வந்து சாலை அமைப்பைப் பற்றிப் பேசினார். மிஹாயோ தைத்துக்கொண்டே, "ம்" என்றார். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் தபோராவிலிருந்து அவளுக்கு வசவு வந்தது! அப்போதும் அந்த மனுஷன் வாய் திறக்கவில்லை.

விதவை சபையில் பேசக் கூடாது. ஆனால் பிணத்தைப் பார்த்து ஒப்பாரி வைக்கலாம். கலுண்டே எழுந்து பெட்டியை ஓங்கி அறைந்தாள்.

"அடப் பாவி மனுஷா! உன் சிநேகிதன் முகம் வாடக் கூடாதுன்னு என் முகத்துல கரியைப் பூசிட்டுப் போயிட்டியே! ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருந்தா உன் நாக்கு அழுகியா போயிருக்கும்?"

எதிர்ப்பாயிலிருந்து நியாமீசி எழுந்து ஓடி வந்தாள். வந்த வேகத்தைப் பார்த்து அடிக்கத்தான் வருகிறாளோ என்று பெண்கள் ஒதுங்கினார்கள். அவள் கலுண்டேயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணி! நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?"

"எனக்கே இப்பத்தானேடி தெரியுது!"

இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து, இத்தனை வருஷத்து அழுகையையும் சேர்த்து அழுதார்கள். அந்த அழுகையைக் கேட்டுப் பெஞ்சுக்காரர்களும் மூக்கைச் சிந்தினார்கள். தாபு மெல்ல எழுந்து பாயை உதறினாள். தெரிந்தே வம்புக்கு இழுத்தாயா என்று பின்னால் எத்தனையோ பேர் அவளைக் கேட்டுப் பார்த்தார்கள். "போங்கய்யா, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்" என்பதற்கு மேல் அவளிடம் ஒன்றும் பெயரவில்லை. அன்றைக்குச் சொன்னது, "தூக்குங்கடா, மழை வருது" என்பது மட்டும்தான்.

"இன்னும் மக்கள் பாக்கி இருக்கே!" என்றார் எவரிஸ்ட் ஐயா, சுண்டுவிரலைக் காட்டி. மக்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு அன்று பரம திருப்தி. கல்லறைக்குப் போகிற வழியெல்லாம், "பார்த்தீங்களா, நான் மட்டும் திருத்தலேன்னா ஒரு தப்பான தகவல் அப்படியே வரலாறாப் போயிருக்கும்" என்று உபதேசியாரிடம் சொல்லிக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு கலுண்டே அவரைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறாள். துக்கம் இன்னும் தீரவில்லை, பாவம், என்கிறார் அவர். கலுண்டே இப்போது அறுவடைக்கு ஒரு தடவை தபோரா போய் நியாமீசி வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறாள். ரயில் எப்போது என்பதை ஸ்டேஷனில் போய் அவளே கேட்டுக்கொள்கிறாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நீங்கள் கண்ணாடி போடுவதில்லை, விரல் நீட்டுவதில்லை, ஜெர்மன்காரனோடு உங்களுக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. சரி. ஆனால் போன வாரம் ஒருவர் உங்களிடம் ஏதோ சின்னதாக ஒன்று கேட்டார். நீங்கள் விளக்கமாகச் சொன்னீர்கள். கேட்டதற்கு மேலேயே சொன்னீர்கள். அவர் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார், எத்தனை ரசனை இந்த மனிதருக்கு என்று நீங்கள்கூட மெச்சிக்கொண்டீர்கள். அவருக்கு அன்று எங்கேயோ போக வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தாரா? கேட்டுப் பாருங்கள், சேர்ந்துவிட்டேன் என்றுதான் சொல்வார், நல்ல மனிதர். அவர் வீட்டில் யாராவது ஒருத்தி அதற்காக இன்னும் வசவு வாங்கிக்கொண்டிருப்பாள்.